கணக்கு வராத பிள்ளை

“என் பிள்ளைக்குக் கணக்கு வராது, அது தலையெழுத்து” என்னும் பேச்சைப் பினாங்கில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தலையெழுத்தை நம்பாத நாமும் இயற்கணிதத்தில் நம்மைக் குறித்து அவ்விதமே எண்ணியிருந்தோம். “அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகும்” என்றார் உபாத்தியாயர். ஏனென்று கேட்டதற்குப் பிரம்படியே விடையாயிற்று.

எனினும் அவர்மீது மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. பிள்ளை எவ்வாறு கற்கிறதென்று ஆசிரியர் நம்புகிறாரோ அவ்வாறே கற்பிப்பார். 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தோன்றிய காலத்தில், தாய்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஓதி மனத்திலேற்றுவதே கணக்குக் கல்வி. 1923-இல் அமெரிக்க அறிஞர் தார்ண்டைக், இயற்கணித உளவியலைப் பற்றித் துணைவர்களோடு எழுதிய நூலில், பயிற்சியால் மனப்பிணைப்புகள் உறுதிப்படும் என்ற கொள்கையையே அடிப்படையாகக் கொண்டார். பின்வந்த பியாஜே, பிள்ளை தானே செய்து அறிவைக் கட்டிக்கொள்கிறது என்றார். புரூனரோ, முதலில் பொருள், பிறகு படம், அதன்பின் குறி என்று வரிசை வகுத்தார்.

இக்கொள்கைகளால் நமக்கென்ன என்று கேட்கலாம். இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகள் ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. தமிழிற் கணக்குப் பயின்ற பிள்ளை, முதலாம் படிவத்தில் புதிய பாடமொழியையும் ‘எக்ஸ்’ என்னும் எழுத்தையும் ஒருங்கே சந்திக்கிறது. அப்படித் தத்தளித்த அண்டைவீட்டுச் சிறுமி ஒருத்தியிடம், 8 + 4 = □ + 5 என்றெழுதிக் கட்டத்தை நிரப்பச் சொன்னோம். 12 என்றெழுதினாள். அறிவுக் குறைவன்று, இத்தனை ஆண்டுப் பயிற்சியும் சமன்குறியை ‘விடை எழுது’ என்னும் கட்டளையாகவே அவளுக்குக் காட்டியிருந்தது.

சட்டை மாட்டும் கொக்கியில் இரு குவளைகளைக் கட்டித் தராசு செய்தோம். ஒரு புறம் சம அளவான இரு பொட்டலங்களும் மூன்று கோலிக்குண்டுகளும். மறுபுறம் பதினொரு குண்டுகள். இருபுறமும் மூன்றை எடுத்தாள். எஞ்சிய எட்டைப் பங்கிட்டாள். “பொட்டலத்தில் நான்கு!” என்றாள். பிரித்தால் நான்கே இருந்தன. அதன்பின் கட்டத்தில் தானே 7 என்று திருத்தினாள். கூட்டல் கழித்தலாவதன் காரணம் நமக்கும் அன்றுதான் விளங்கிற்று!

மனப்பாடம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வாய்பாடின்றிக் கணக்கு நடவாது. பொருள் விளங்கியபின் பயிற்சி வரவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் பெற்றோர்களே! பிள்ளைக்குக் கணக்கு வராதென்று தீர்ப்புச் சொல்லுமுன், சமன்குறிக்கு அது என்ன பொருள் கொண்டிருக்கிறதென்று ஒருமுறை கேளுங்கள்.