லயத்துக்குப் பின்னால் ஒரு குழி

செனாவாங் டோல் சாவடியைத் தாண்டி வருகிறவர்களுக்கு இன்று தொழிற்பேட்டைக் கூரைகளும் தாமான் வீடுகளும்தான் தெரியும். எனக்கு அங்கே இன்னும் ரப்பர் நிரைகள் நிற்கின்றன. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கேட்கும் கங்காணியின் குரலும், காண்டா வாளி தூக்கிப் போகிறவர்களின் காலடியும் மனத்தை விட்டுப் போகவில்லை.

எழுபதுகளில் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு குழி இருந்தது. அடுப்புச் சாம்பல், வாழை இலை, மீன் செதில், கூட்டிப் பெருக்கிய சருகு என்று அத்தனை வீட்டுக் குப்பையும் அதில்தான் விழும். அந்தக் குழி நிரம்பி நான் பார்த்ததில்லை. ஒரு மழை பெய்தால் அமுங்கிவிடும். சில மாதம் கழித்து எங்கள் ஆயா மண்வெட்டியோடு போய், அடியில் கறுத்துக் கிடக்கும் மண்ணை அள்ளி வந்து கத்தரிச் செடிக்குப் போடுவார். "குப்பை இல்ல கண்ணு, இது எரு" என்பார்.

குழிக்கே போகாத சாமான்கள்தான் அதிகம். கெட்டிப்பால் டின் ஒன்றுக்கு எத்தனை பிறவி! பால் தீர்ந்ததும், மூடியில் துளை போட்டுக் கயிறு கோத்தால் கடையிலிருந்து கோப்பி வாங்கி வரும் பாத்திரம். பிறகு அரிசி அளக்கும் படி. 'ரெண்டு டின் அரிசி போடு' என்றுதான் அம்மா சொல்வார். ஓரம் துருப்பிடித்த பிறகு கருவேப்பிலைக் கன்று வளர்க்கும் தொட்டி. கோதுமை மாவு வந்த சாக்குத் துணி எங்களுக்குக் கால்சட்டையாகும். கிழிந்தபின் கைப்பிடித் துணியாகும். சீனர் கடையில் தவுக்கே பருப்பையும் மிளகாயையும் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, 555 நோட்டில் கணக்கெழுதிக் கொடுப்பார். அந்தத் தாள் அடுப்பு மூட்டப் போய்விடும். நாசி லெமாக் வாழை இலையில் வரும், இலை ஆட்டுக்கு.

இதையெல்லாம் சுற்றுச்சூழல் அக்கறை என்று நான் சொல்லமாட்டேன். கையில் காசில்லை. ஆனால் அந்த வறுமையில் ஓர் ஒழுங்கு இருந்தது. எந்தப் பொருள் கையில் வந்தாலும் அடுத்து அதை யார் வாங்கிக்கொள்வார் என்று வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

பிளாஸ்டிக் எங்கள் தோட்டத்துக்குக் குப்பையாக வரவில்லை, மரியாதையோடு வந்தது. முதலில் நாற்றுப்பண்ணையில் கன்று வளர்க்கும் கறுப்புப் பைகள். அடுத்து, மழைத்தண்ணீர் மங்கில் இறங்காமலிருக்க வெட்டுமரத்தில் கட்டிய பிளாஸ்டிக் தாள். கடைசியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தது. சம்பள நாளன்று அப்பா சிரம்பானிலிருந்து தே தாரிக் வாங்கி வருவார். கண்ணாடி போன்ற பை, வாயில் ராப்பியா கயிற்றுச் சுருக்கு, உள்ளே சூடான தேநீர். சைக்கிள் பிடியில் அது ஆடிக்கொண்டே வருவதைப் பார்க்க நாங்கள் ஓடுவோம். குடித்து முடித்ததும் அம்மா அந்தப் பையைக் கழுவிக் கொடியில் காயவைப்பார். ஒரு பையைத் தூக்கி எறியலாம் என்பதே எங்களுக்குத் தோன்றாத காலம் அது.

பைகள் பெருகின. கழுவ முடியாத அளவுக்குப் பெருகியதும் குழிக்குப் போயின. அப்போதுதான் குழி அமுங்குவது நின்றது. ஆயாவின் மண்வெட்டியில் மண்ணோடு சிவப்பும் நீலமுமாய்ப் பைகள் சுருண்டு வந்தன. அவர் ஒவ்வொன்றாய் உதறிப் பார்த்து, "இது ஏன் சாக மாட்டேங்குது?" என்று கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு குழியில் தீ வைத்தார்கள். சருகு எரிந்த அதே இடத்தில்தான். அந்தப் புகையின் கசப்பு தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். நச்சுப் புகை என்று எங்களுக்குச் சொல்வாரில்லை.

எனக்கு இன்றுவரை வலிப்பது இதுதான்: எங்கள் கைப்பழக்கம் மாறவில்லை, கையிலிருந்த பொருள் மாறிவிட்டது. வாசலுக்கு வெளியே எறிவதும், கொல்லையில் கொளுத்துவதும் வாழை இலைக்குச் சரியான பழக்கங்கள். தோட்டம் துண்டுபட்டு, மரங்கள் சாய்ந்து, நாங்கள் தாமான் வீடுகளுக்கு மாறியபோது அந்தப் பழக்கங்களையும் கூடவே கொண்டுவந்தோம். இங்கே குழி கிடையாது, கால்வாய்தான் உண்டு. கால்வாய் ஆற்றுக்குப் போகும். செனாவாங் தண்ணீர் லிங்கி ஆற்றில் சேர்ந்து, மலாக்கா நீரிணையில் விழுகிறது. அந்த லிங்கி ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் இந்த மாநிலத்தில் பலர் குடிக்கிறார்கள்.

2011 செப்டம்பரில் திடக்கழிவுச் சட்டம் நெகிரி செம்பிலானிலும் நடப்புக்கு வந்தது. 2015-இல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொன்னார்கள். தாளுக்கு நீலப் பை, பிளாஸ்டிக்குக்கு வெள்ளை, மறுசுழற்சிக்குரிய மற்றவற்றுக்குப் பச்சை. ஆயா இருந்திருந்தால் ஒரே நாளில் பழகியிருப்பார். அவர் வாழ்நாள் முழுக்கப் பிரித்தவர். இந்த வட்டாரத்துக் குப்பை போய்ச்சேரும் இடங்களில் ஒன்று போர்ட்டிக்சன் பக்கம் உள்ள லாடாங் தானா மேரா. லாடாங் என்றால் தோட்டம். ரப்பர் தந்த மண்ணுக்கு நாம் இப்போது கொடுப்பது குப்பை.

நம் குப்பை போதாதென்று வெளிநாட்டுக் குப்பையும் வந்தது. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்ததும் அது மலேசியத் துறைமுகங்களில் குவிந்தது. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவை அரசாங்கம் 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியதாக அறிவித்தபோது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில் பூசை. அன்னதானம் முடிந்தபின் தகரக்கொட்டகைப் பக்கம் வெள்ளைப் பாலிஸ்டைரின் பெட்டிகள் இடுப்பளவு குவிந்திருந்தன. அவற்றை எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது?

அடுத்த திருவிழாவுக்கு முன் பெண்கள் கூடிப் பேசினார்கள். ஆளுக்குப் பத்து எவர்சில்வர் தட்டு வாங்கித் தந்தார்கள். கழுவுவதற்கு ஆள் கிடைக்காது என்று ஆண்கள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலை குழாயடியில் நான்கு தலைமுறை உட்கார்ந்திருந்தது. என் அக்கா சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டுவந்திருந்தார். பேத்திகள் அதை வேடிக்கை பார்த்துவிட்டு, சற்று நேரத்தில் தாங்களும் நாரைக் கையிலெடுத்தார்கள். மிஞ்சிய வாழைப்பூத் தோலையும் காய்கறிக் கழிவையும் எங்கே கொட்டுவது என்று ஒரு பெண் கேட்டாள். கோயிலுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. அக்கா மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார்.