அன்றைக்கே அழிப்பதில்லை

அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஒரு பக்கக் கீல் விட்டிருந்தது. மூடியில் இருந்த அரசு முத்திரை பாதி தேய்ந்துபோயிருந்தது. மூத்தவன் பிளஸ் டூ படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவன் சென்னைக்கு வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அப்போது கடைக்குட்டி பி.காம். சேர்ந்திருந்தாள்.

“காயலான் கடையில முந்நூறு ரூவா தர்றேங்கிறாங்க தம்பி. பாப்பாவுக்கு ஆவுமான்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க.”

பவர் பட்டனை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். திரை முழுசாக வர ஆறு நிமிடம் ஆனது. அதற்குப் பிறகும் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. நான் நாடி பிடிப்பது அந்தச் சின்ன விளக்கில்தான். ராம் 2 ஜி.பி. மட்டும், யாரோ அதன்மேல் பிற்காலத்து இயங்குதளம் ஒன்றை ஏற்றியிருந்தார்கள். ராமில் இடம் போதாதபோது மெஷின் மிச்சத்தை டிஸ்கில் இறக்கி வைக்கும், வேண்டும்போது திரும்ப எடுக்கும். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டில் முள் போய்ச் சரியான இடத்தில் நிற்பதற்கே பத்து மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். 2 ஜிகாஹெர்ட்ஸ் புராசசருக்கு அந்தப் பத்து மில்லி செகண்டில் இரண்டு கோடி துடிப்பு. அத்தனையும் சும்மா காத்திருந்தே கழிகிறது.

“வயசாயிடுச்சு” என்றுதான் எல்லோரும் கொண்டுவருகிறார்கள். விசிறியில் தூசி அடைத்து, புராசசர்மேல் பூசிய பசை காய்ந்து, சூட்டில் வேகம் குறைவது உண்டு. அதைத் துடைத்துப் புதுப் பசை வைத்தால் சரியாகிவிடும். மற்றபடி, வாங்கிய முதல் நாள் எந்த வேகத்தில் கூட்டிக் கழித்ததோ அதே வேகத்தில்தான் இன்றும் அது கூட்டிக் கழிக்கிறது. சுமைதான் ஏறியிருக்கிறது. இதைப் புரியவைத்து அனுப்புவதை என் வேலையில் பாதியாக நினைக்கிறேன்.

இன்னொரு பாதி, பொறுத்திருப்பது. பென் டிரைவைச் செருகி லினக்ஸ் ஏற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் வந்த அன்றைக்கே எந்த மெஷினையும் நான் அழிப்பதில்லை. ஓர் இரவாவது மேசையில் கிடக்க வேண்டும்.

முதலில் டிஸ்கின் ஆரோக்கிய அறிக்கையை எடுத்தேன். கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் நூற்றைத் தாண்டியிருந்தன. அப்படிப்பட்ட டிஸ்கில் எதையும் எழுதக் கூடாது, படித்து எடுக்க மட்டும்தான் வேண்டும். முழுவதையும் வேறொரு டிஸ்குக்குப் பிரதியெடுக்கக் கட்டளை கொடுத்தேன். பிரிவுகளின் பட்டியலைப் பார்த்தபோது ஓரத்தில் ஒன்று தொடப்படாமல் கிடந்தது. பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. 2011இல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தின் தொடக்க வருடங்களில் விண்டோஸோடு இதையும் சேர்த்தே கொடுத்தார்கள். நான் ஏற்றப்போகும் விதை முதல் நாளிலிருந்தே அந்த வீட்டில் இருந்திருக்கிறது. திறந்து காட்ட ஆள்தான் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

காலையில் பிரதியைத் திறந்தேன். படங்கள், இரண்டு சினிமா, பிறகு ஒரு கோப்புறை நிறைய ஆவணங்கள். திறந்தால் ஆங்கில எழுத்துகளைக் கொட்டிக் கலைத்த மாதிரி. வைரஸ் தின்ற கோப்பு என்று யாரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எனக்கு இது பழகிய முகம். பாமினி எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். எழுத்துரு இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும். அந்த அம்மாவுக்கு போன் போட்டேன்.

“அய்யோ, அது எங்க குழு கணக்கு தம்பி! நாந்தான் ஊக்குநர். நான் சொல்லச் சொல்ல மூத்தவன் அடிச்சிக் குடுப்பான். நோட்டுல பாதி மழையில நனைஞ்சி போச்சி.”

மகளிர் குழுவின் சேமிப்பு, உள்கடன், வட்டி, தவணை: நான்கு வருடக் கணக்கு. முதல் நாளே அழித்திருந்தால் போயிருக்கும்.

அதன் பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பழைய டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டேன். வேறொரு மெஷினிலிருந்து எடுத்து வைத்திருந்த டி.டி.ஆர்.3 ராம் ஒன்று இருந்தது. இதில் 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரண்டு ரகம் உண்டு. பலகை எதை ஏற்கும் என்று பார்த்துத்தான் செருக வேண்டும். பொருந்தியது, 4 ஜி.பி. ஆயிற்று. இந்த இடத்தில் ஒளிவுமறைவு கூடாது. லினக்ஸ் வெறும் 2 ஜி.பி.யிலும் எழும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் அதுவும் திணறத்தான் செய்யும். இன்றைக்கு நினைவகத்தை அதிகம் தின்பது இணையப் பக்கங்கள்தான்.

எந்த லினக்ஸ் என்பதை மெஷினைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய மாட்டேன், கையையும் பார்ப்பேன். ஆன்டிஎக்ஸ் இன்னும் லேசானது. ஆனால் அந்தப் பெண் கல்லூரியில் விண்டோஸில் பழகிவிட்டு வீட்டில் இதைத் திறப்பாள். கீழே பட்டை, மூலையில் மெனு என்று கை தானாகப் போகிற இடத்தில் எல்லாம் இருக்க வேண்டும். அதனால் லினக்ஸ் மின்ட், எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு.

பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். சத்தம், வெளிச்சம், மூடினால் தூங்குவது எல்லாம் சரி. வைஃபை மட்டும் இல்லை. சில பிராட்காம் சிப்புகளுக்கு இயக்கியைத் தனியே இறக்க வேண்டும். இறக்குவதற்கு இணையம் வேண்டும். போனை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி அதன் இணைப்பைக் கொடுத்தேன். அப்போதும் மறுத்தது, கோப்பு “இன்னும் செல்லுபடியாகவில்லை” என்று. தேதியைப் பார்த்தால் 2010. உள்ளே காசு மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரி செத்து, கடிகாரம் பின்னால் போயிருந்தது. மெஷினின் கணக்கில் இன்றைய கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தில் இருப்பவை, அதனால் நம்ப மறுத்தது. பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினேன். உடனே எல்லாம் இறங்கியது. பிறகு லினக்ஸை எஸ்.எஸ்.டி.யில் ஏற்றினேன். பட்டன் அழுத்தி இருபது விநாடியில் திரை வந்தது.

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப்பைக் கேட்கிறது. அது இல்லாததால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களே இப்போது கடைக்கு வருகின்றன. அவற்றுக்கும் அதே ஓர் இரவுதான்.

அந்த அம்மாவின் குழுக் கணக்கை யூனிகோடுக்கு மாற்ற இன்னொரு மாலை பிடித்தது. ஓபன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல் தொகுப்பு கைகொடுத்தது. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்பார்கள்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரும். கொம்பும் காலும் ஒரே உயிர்க்குறியாகப் பின்னால் சேரும். பெரும்பாலும் சரியாக மாறின. பையன் அவசரத்தில் இடைவெளி விட்டு அடித்த இடங்களில் மட்டும் கொம்பு எழுத்தைவிட்டு விலகி, புள்ளிவட்டத்தோடு தனியாக நின்றது. அவற்றை நான் ஊகித்துத் திருத்தவில்லை. அடுத்தவர் கணக்கு.

அம்மாவும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண் போனில் ஆங்கில எழுத்தில் அடித்தே தமிழ் எழுதிப் பழகியவள். தமிழ்99 விசைப்பலகையை, 1999இல் தமிழக அரசு தரப்படுத்தியதை, காகிதத்தில் அச்சடித்துப் பக்கத்தில் வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரிவரியாக இறங்கினார். ஒரு வரியில் தேதி இருந்தது, தொகை இருந்தது, எதற்குக் கடன் என்ற இடத்தில் உடைந்த எழுத்து.

“எட்டாயிரம்... இது நம்ம மாட்டுக் கொட்டாய் போட வாங்குனதுதான். கொட்டகைன்னு போடு பாப்பா.”

அவள் கொம்பைத் தேடினாள். தேட வேண்டாம்மா, வாயில் சொல்கிற மாதிரியே தட்டு என்றேன். க தட்டினாள், ஒ தட்டினாள், கொ வந்தது. ட, மறுபடி ட. முதல் ட-வின் தலையில் தானாகவே புள்ளி விழுந்ததைப் பார்த்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு க, ஐ. ஆறே தட்டு.

அம்மா அதற்குள் அடுத்த வரியில் விரலை வைத்துவிட்டார்.