ராசாவில் மூன்று ஒயின் போத்தல்கள்

சிரம்பான் நகரை ஒட்டியே இருக்கிறது ராசா. கோலாலம்பூரிலிருந்து கொமியூட்டர் ரயிலில் சிரம்பானில் இறங்கி, ஒரு கிராப் பிடித்தால் சாப்பாட்டு நேரத்திற்குள் போய்விடலாம். 19ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் என்று பெயர் பெற்ற வட்டாரம் இது. இங்கே தோண்டிய ஈயம் லிங்கி ஆற்றில் படகேறிக் கடலுக்குப் போனது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ரயில் பாதை வந்தது. காப்பித் தோட்டங்களை அடுத்து ரப்பர் வந்தது. ரப்பரோடு நம்மவர்களும் பெருவாரியாக வந்தார்கள். இன்று பால்மரம் நின்ற மேடுகளில் தாமான் வீடுகள் வரிசை பிடித்து நிற்கின்றன.

அப்படி ஒரு தாமானில்தான் என் தோழியின் வீடு. கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அலுவலக விருந்துகளில் அன்பளிப்பாக வந்த மூன்று ஒயின் போத்தல்களை அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தாள். வானொலியில் வீட்டுக் குறிப்புகள் சொல்பவள் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது.

“ஒயின் பழசாக ஆக நல்லாயிருக்கும்னு சொல்றாங்களே, அப்படியே விட்டுடலாமா?”

நம்மில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. பேரங்காடியில் கிடைக்கும் பெரும்பாலான ஒயின்கள் சில ஆண்டுகளுக்குள் குடித்து முடிக்கவே தயாராகின்றன. வைத்தால் மெருகேறும் வகைகள் குறைவு. அவற்றுக்கும் ஏறி இறங்காத 12, 13 பாகை செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். நம் வீட்டுச் சமையலறையிலோ பகலில் 30 பாகையைத் தாண்டுகிறது. அடுப்புக்கு மேலே என்றால் சொல்லவே வேண்டாம். சூடு பட்ட ஒயின் வேகவைத்த பழம்போல் மணக்கும். உள்ளே விரிந்து தக்கையையும் வெளியே தள்ளும்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே உள்ள இருட்டறை, சமையலறையைவிட நல்லது. வெயிலும் அதிர்வும் படாத இடமாக இருக்கட்டும். தக்கை அடைத்த போத்தலைப் படுக்க வையுங்கள். ஒயின் பட்டுக்கொண்டிருந்தால் தக்கை காய்ந்து சுருங்காது. திருகு மூடி என்றால் நிற்கலாம். சில வாரங்களுக்குள் திறப்பதானால் குளிர்பெட்டி போதும். வருடக்கணக்கில் வைக்க விரும்புகிறவர்களுக்குத்தான் ஒயினுக்கென்றே விற்கும் தனிப் பெட்டி தேவை. திறந்த பிறகு மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும்.

கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த தோழியின் அப்பா சிரித்துவிட்டார். தோட்டத்தில் பால் வெட்டியவர்.

“பச்சப் புள்ளைய வளர்க்கிற மாதிரில்ல சொல்றீங்க! எங்க காலத்துக் கள்ளுக்கு ராத்திரி தங்கவே தெரியாதும்மா.”

அவர் சொன்னது உண்மை. தென்னம்பாளையைச் சீவி இறக்கும்போது அது இனிப்பு நீர்தான். பானையிலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் அந்தச் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கிவிடும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அதுதான் பதநீர். தடவாமல் விட்டால் அன்றைக்குள் கள். மேலும் வைத்தால் புளித்துக் காடிதான். ஒயினில் 12 முதல் 14 விழுக்காடு சாராயச் சத்து இருக்கும். கள்ளில் பெரும்பாலும் 4, 5தான். வைத்துக் குடிக்க முடியாத பானம் என்பதால், இறக்கிய அன்றே குடித்துத் தீர்க்க வேண்டியிருந்தது. அதற்கு வசதியாகத் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது.

பல தோட்டங்களில் உரிமம் எடுத்துக் கடை நடத்தியது தோட்ட நிர்வாகமேதான். துரை கொடுத்த கூலியில் ஒரு பங்கு அந்தக் கடை வழியாகவே திரும்பிப் போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். குடிப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகளே எழுப்பிய குரல் அது.

“சம்பள நாள்ல எங்கம்மா லயத்து வாசல்லயே உட்கார்ந்திருப்பாங்க,” என்றார் அப்பா. “அப்பா நேரா வீட்டுக்கு வந்தா அன்னைக்குச் சோறு. கடைப்பக்கம் திரும்பினா அரிசிக்கடைக்காரர்கிட்ட கடன். அதைப் பார்த்து வளர்ந்ததால நான் கையால தொட்டதில்ல.”

தோழி ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அந்தப் போத்தல் வேலையிடத்து மரியாதை. அவருக்கு அது வாசலில் காத்திருந்த தாய். ஒரே கூரைக்கடியில் இரண்டும் இருந்தன.

“இதெல்லாம் எடுத்துக் கொடுத்துடவாப்பா?” என்று கடைசியில் கேட்டாள்.

“உன் வீடு, உன் சம்பாத்தியம். என்னை ஏன் கேட்கிற?” என்றவர், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “பேரப்பிள்ளைங்க ஓடி விளையாடற வீடு. பூட்டு இருக்கிற இடமா பார்த்து வை. குடிச்சா வண்டிச் சாவியத் தொடாதே.”

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2020இல் மலேசியா வாகன ஓட்டிகளுக்கான வரம்பை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைத்தது.

இரண்டு போத்தல்கள் மாடிப்படிக்குக் கீழ் இருட்டறையில் பூட்டுக்குள் படுத்தன. மூன்றாவதன் தக்கை ஏற்கெனவே வெளியே தள்ளியிருந்தது. திறந்து முகர்ந்தாள்; வெந்த பழ வாடை. தொட்டியில் ஊற்றினாள். அப்பா எழுந்து வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.