நடுவில் நிற்பவர்

தரகர் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு முகம் சுளிக்கிறது. மாட்டுத் தரகரோ, வீட்டுத் தரகரோ, கல்யாணத் தரகரோ, யாரானாலும் சரி, காரியம் முடிகிற வரையில் அவரை நாற்காலி போட்டு உட்கார்த்திக் காப்பி கொடுத்து உபசரிக்கிறோம். முடிந்த மறு நிமிஷமே, 'இந்த மனுஷர் அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டார், இத்தனை பணம் கேட்கிறாரே!' என்று தோன்றிவிடுகிறது. கதை எழுதுகிற எங்கள் ஜாதியும் தரகர்களுக்கு நியாயம் செய்ததில்லை. எங்கள் கதைகளில் அவர்கள் வெற்றிலைச் சிவப்பேறிய வாயும் கக்கத்தில் குடையுமாக வருவார்கள். ஒரு பொய் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்தக் காலத்தில் குடையும் இல்லாத, முகமும் இல்லாத ஒரு தரகர் வந்து சேர்ந்திருக்கிறார். கைபேசியில் ஒரு பொருளைப் பார்த்து, பிடித்துப்போய், கிரெடிட் கார்டு எண்ணைத் தட்டுகிறோம் அல்லவா? அப்போது வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நின்று பணத்தை வாங்கிக் கொடுக்கும் கம்பெனிகளைத்தான் சொல்கிறேன். 'பேமெண்ட் கேட்வே' என்று ஜனங்கள் சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கி தன் சட்டதிட்டங்களில் 'பேமெண்ட் அக்ரிகேட்டர்' என்கிறது. பெயர் எதுவானால் என்ன, நடுவில் நிற்பவர் என்று வைத்துக்கொள்வோம்.

இவரைப் பற்றி நான் யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம், மதுரையில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருக்கும் அம்மாள். சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறவர். வெள்ளைத் துணியில் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு முடிச்சுகள் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்து, காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும் சேலை அது. 2005-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சுப் போடுகிற பெண்கள் பதினாலு பேர் அந்த அம்மாளை நம்பியிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

கணவர் காலமான பிறகு, கடை வைக்க இடமில்லாமல் வீட்டுத் திண்ணையிலேயே விற்றுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் படிப்புப் படித்த மகள், சேலைகளைப் படம் பிடித்து இணையத்தில் ஒரு கடை திறந்துவிட்டாள். உள்ளூர்க்காரர்கள் யூ.பி.ஐ. மூலம் பணம் அனுப்பினார்கள். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்கள் கையில் கார்டுதானே இருக்கிறது? அதற்காக நம் நாட்டுக் கம்பெனி ஒன்றில் மகள் கணக்குத் தொடங்கினாள். வெளிநாட்டுக் கார்டுகளுக்குத் தனி அனுமதியும் வாங்கினாள்.

முதல் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் என்னிடம் வந்தார்.

"ஏண்ணே, சேலை வித்த பணத்துல ஆயிரத்துக்கு 976 ரூபாய் 40 காசுதான் நம்ம கைக்கு வருது. மிச்சத்தை நடுவுல இருக்கிறவன் எடுத்துக்கிறான். முடிச்சுப் போட்டது நாங்க, சாயம் முக்கினது நாங்க. அவன் என்ன செஞ்சான்?"

கணக்கு சரிதான். நூற்றுக்கு இரண்டு வீதம் கட்டணம் 20 ரூபாய்; அந்தக் கட்டணத்தின்மேல் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. 3 ரூபாய் 60 காசு. வெளிநாட்டுக் கார்டாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அந்த 20 ரூபாயும் நடுவில் இருப்பவருக்கே போய்விடுவதில்லை. கார்டு கொடுத்த வங்கிக்கு அதில் பெரும் பங்கு. விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு கம்பெனிக்கு ஒரு பங்கு. போக மீதிதான் இவருக்கு. இதைச் சொன்னேன். அந்த அம்மாளுக்குச் சமாதானம் ஆகவில்லை. 'ஒருத்தன் இல்லே, மூணு பேரா!' என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அவன் என்ன செஞ்சான்?

பதில் தேடியபோது எனக்குத் தபால் இலாகாதான் ஞாபகம் வந்தது. நம் நாட்டில் 1877-ல் வி.பி.பி. என்னும் ஏற்பாடு தொடங்கியது. சென்னையில் இருக்கும் புத்தக வியாபாரிக்கு, ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கும் வாசகரைத் தெரியாது. 'புத்தகம் அனுப்பினால் பணம் வருமா?' என்று அவருக்குச் சந்தேகம். 'பணம் அனுப்பினால் புத்தகம் வருமா?' என்று இவருக்குச் சந்தேகம். இரண்டு சந்தேகங்களுக்கும் நடுவில் காக்கிச் சட்டை போட்ட தபால்காரர் வந்து நின்றார். ஒரு கையால் பணத்தை வாங்கிக்கொண்டு மறு கையால் பொட்டலத்தைக் கொடுத்தார். அந்தப் பணம் மணியார்டராகச் சென்னைக்குப் போனது. இப்படி எத்தனை நாவல்கள் எத்தனை குக்கிராமங்களுக்குப் போயிருக்கின்றன! தபால்காரர் புத்தகம் எழுதவில்லை, அச்சடிக்கவும் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேருக்கு நடுவில் ஜாமீன் நின்றார். அதற்குத்தான் கூலி.

கார்டு விஷயத்தில் இந்த ஜாமீன் இன்னும் அவசியம். 1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் கார்டு பிறந்தபோது, கார்டு வைத்திருந்தவர் ஹோட்டல்காரர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். இணையத்தில் வாங்குகிறவர் எங்கேயோ, விற்கிறவர் எங்கேயோ. கார்டின் பதினாறு இலக்க எண்ணை முன்பின் தெரியாத கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? கடைக்காரர் பக்கத்திலும் கஷ்டம் உண்டு. கார்டு வாங்கிக்கொள்ளும் உரிமையை வங்கிகள் பெரிய வியாபாரிகளுக்குத்தான் சுலபமாகக் கொடுத்தன. திண்ணைக் கடைக்காரருக்கு யார் கொடுப்பார்கள்? அமெரிக்காவில் ஈபே என்ற ஏலச் சந்தையில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்த சில்லறை வியாபாரிகளுக்கும் இதே சங்கடம். 1998-ல் வேறு பெயரில் தொடங்கிப் பிறகு பேபால் என்று ஆன கம்பெனி அவர்களுக்குக் கைகொடுத்துத்தான் பெரிதாக வளர்ந்தது. 2002-ல் ஈபே அதை 150 கோடி டாலருக்கு வாங்கியது என்றால், ஜாமீன் நிற்பதற்கு எத்தனை விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு எண்ணைத் தட்டிய பிறகு திரைக்குப் பின்னால் நடப்பது இதுதான். டொரண்டோவில் இருக்கும் ஒரு பெண்மணி சேலைக்குப் பணம் கொடுக்கிறார். அவருடைய கார்டு எண் எதிர் வீட்டு அம்மாளுக்கு வருவதே இல்லை. பூட்டுப் போட்ட கடிதம் மாதிரி நேரே நடுவில் இருப்பவரிடம் போகிறது. அங்கிருந்து இங்குள்ள ஒரு வங்கிக்கும், அங்கிருந்து கார்டு கம்பெனிக்கும், கடைசியில் அந்தப் பெண்மணியின் வங்கிக்கும் போகிறது. 'இவர் உங்கள் மனுஷியா? கணக்கில் இடம் இருக்கிறதா?' என்று கேள்வி. 'ஆம்' என்று பதில் வந்த வழியே திரும்புகிறது. நாம் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் இத்தனையும் ஆகிவிடுகிறது.

நம் நாட்டுக் கார்டாக இருந்தால் கைபேசிக்கு ஓர் இரகசிய எண்ணும் வரும். இணையத்தில் கார்டு உபயோகிக்க இப்படி இரண்டாவது பூட்டு வேண்டும் என்று 2009 ஆகஸ்டு முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. 2022 அக்டோபர் முதல் இன்னொரு கட்டுப்பாடும் வந்தது: கடைக்காரரோ நடுவில் இருப்பவரோ கார்டு எண்ணைத் தம்மிடம் சேர்த்து வைக்கக் கூடாது. அடையாளத்துக்குக் கடைசி நாலு இலக்கங்கள் மட்டும் இருக்கலாம்.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் விஸ்தாரமாகச் சொன்னபோது, "அப்படின்னா கொடுக்க வேண்டியதுதான்" என்று ஒப்புக்கொண்டார். கட்டணத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

சோதனை வேறு ரூபத்தில் வந்தது.

அமெரிக்காவில் ஓர் ஊரிலுள்ள தமிழ்ப் பெண்கள் பொங்கல் விழாவுக்கு எல்லோரும் சுங்குடி கட்டுவது என்று தீர்மானித்தார்கள். இரண்டே நாளில் அறுபது பேர் பணம் கட்டினார்கள். சேலை ஒன்று 2,400 ரூபாய், மொத்தம் 1,44,000. திண்ணையில் ஒரே கொண்டாட்டம். நூலும் சாயமும் கடனில் வாங்கி, பெண்கள் இரவு வெகுநேரம் வரை உட்கார்ந்து முடிச்சுப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'தங்கள் கணக்கில் வழக்கத்துக்கு மாறான வரவுகள் காணப்படுவதால், பரிசீலனை முடியும் வரை தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று இருந்தது. கட்டணம் போகக் கிட்டத்தட்ட 1,39,000 ரூபாய். கீழே யாருடைய கையெழுத்தும் இல்லை. 'தங்கள் நலம் நாடும் குழு' என்று இருந்தது.

நடுவில் நிற்பவரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கார்டுக்காரர் பின்னால் ஒரு நாள், 'எனக்குச் சாமான் வரவில்லை' என்றோ, 'நான் வாங்கவே இல்லை' என்றோ தம் வங்கியிடம் முறையிடலாம். வங்கி பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதற்குள் கடைக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தால் நஷ்டம் ஜாமீன் நின்றவர் தலையில். மாதம் பத்துச் சேலை விற்ற கணக்கில் இரண்டு நாளில் அறுபது சேலைப் பணம், அதுவும் அத்தனையும் வெளிநாட்டுக் கார்டில் வந்தால், சந்தேகப்படுவது அவருடைய தொழில். திருடனுக்கும் அப்படித்தான் வரும். பொங்கலுக்குச் சுங்குடி கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கும் அப்படித்தான் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் எதிர் வீட்டுத் திண்ணைக்கு வந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டருக்குத் திண்ணைக்கு வர வழி இல்லையே!

"யார்கிட்டேண்ணே போய்ச் சொல்றது? தபால்காரர்னா தெருவிலே மடக்கிக் கேப்பேன். பேங்குன்னா மேனேஜர் ரூமுக்கு முன்னாடி உக்காந்துடுவேன். இவனுக்கு வாசப்படியே இல்லையே!" என்றார் அந்த அம்மாள்.

சனிக்கிழமை வந்தது. கைவளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. பதினாலு பேருக்கும் கூலி குறையாமல் கொடுத்தார். "அவங்களுக்குப் பரிசீலனை கிரிசீலனை எல்லாம் தெரியாதுண்ணே" என்றார்.

மகள் கேட்ட காகிதங்களையெல்லாம் அனுப்பினாள்: நூல் வாங்கிய ரசீது, சாயப்பட்டறைச் சீட்டு, விழாப் பெண்கள் எழுதிய மின்னஞ்சல்கள். சாமானை அனுப்பிய அத்தாட்சியும் வேண்டும் என்றார்கள். ஆகவே பணம் வராமலே அறுபது சேலையையும் விமானத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்கும் கடன். அந்த நாட்களில் அந்த வீட்டில் விளக்கு அணைய இரவு ஒரு மணி ஆகும். என் எழுத்து மேஜையிலிருந்து அது தெரியும்.

ஒரு நாள் மகள் வந்து, "பெரியப்பா, ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் போட்ட விதிகளிலே ஒன்று பார்த்தேன்" என்றாள். இந்தக் கம்பெனிகள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற வேண்டும். வியாபாரிகளின் பணத்தைத் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல் ஒரு வங்கியில் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். குறைகளைக் கேட்க ஒரு நோடல் அதிகாரியை நியமித்து, அவர் விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அந்தத் தனிக் கணக்குதான் எங்களுக்கு முதல் ஆறுதல். பணம் காற்றில் போய்விடவில்லை, ஒரு வங்கியில் பத்திரமாக இருக்கிறது. வாசற்படி இல்லாத வீட்டுக்கு ஒரு ஜன்னலாவது இருக்கிறது என்பது இரண்டாவது ஆறுதல்.

அந்த ஜன்னலுக்கு மகள் ஒரு கடிதம் எழுதினாள். நான் படித்துப் பார்த்தேன். அழுகை இல்லை, கோபம் இல்லை. தேதி வாரியாக நடந்ததும், இணைத்த காகிதங்களின் வரிசையும், கடைசியில் பதினாலு பேருக்குக் கூலி பாக்கி விழும் நாளும் இருந்தன. ஒரு பக்கத்தில் அடங்கிய கடிதம். நாவலாசிரியனான நான் எழுதியிருந்தால் நாலு பக்கம் ஆகியிருக்கும். யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

இருபத்து மூன்றாம் நாள் பணம் வந்து சேர்ந்தது. கடிதத்தாலா, பரிசீலனை தானாக முடிந்ததாலா, யாரும் சொல்லவில்லை. வளையல்கள் வட்டியோடு மீண்டு வந்தன. அந்த வட்டியை யாரும் திருப்பித் தரவில்லை.

இதற்குப் பிறகு அந்த அம்மாள் நடுவில் இருப்பவரை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. இன்னொரு கம்பெனியிலும் ஒரு கணக்குத் தொடங்கச் சொன்னார். பெரிய ஆர்டர் வந்தால், பணம் கட்டச் சொல்லும் முன்பே, 'இத்தனாம் தேதி இத்தனை பேரிடமிருந்து இவ்வளவு பணம் வரும்' என்று மகளைவிட்டுக் கம்பெனிக்கு எழுதச் சொல்கிறார். நாலு சனிக்கிழமைக் கூலி எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு சேலையோடும் ஒரு துண்டுக் காகிதம் வைக்கிறார். அந்தச் சேலைக்கு முடிச்சுப் போட்ட பெண்ணின் பெயர், கையால் எழுதியது.

"அது எதுக்கம்மா?" என்று கேட்டேன்.

"முதல் தடவை அவங்க நம்மளை நம்பலேண்ணே, கார்டுக்காரனைத்தான் நம்புறாங்க. அதுக்குத்தான் நூத்துக்கு ரெண்டு. அந்த நம்பிக்கை அவனோடது, நெனச்சா நிறுத்திப்புடுவான். இந்தச் சீட்டு நம்மளோடது" என்றார்.

சென்ற மாதம் டொரண்டோவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. போன தடவை முடிச்சுப் போட்ட பெண்ணே இந்தச் சேலைக்கும் போட வேண்டும் என்று பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பணம் கார்டில்தான் வந்தது. நடுவில் நிற்பவர் தம் கட்டணத்தை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் பெயருக்கு மட்டும் யாரும் கட்டணம் பிடிக்கவில்லை.