கொச்சியில் யாருடைய கல்லறை?

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு விடுமுறை என்றாலே சொந்த ஊர் ரயில்தான். ஒருமுறை வழியில் ஃபோர்ட் கொச்சிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளலாம், அவர் அவசரப்படுத்தினால் மட்டும் இணங்காதீர்கள்.

கடலோரத்தில் சீனவலைகளைக் காண்பீர்கள். மரச்சட்டத்தின் ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் தொங்கும் கற்கள். சிலர் கூடிக் கயிற்றை இழுக்க, வலை எழும்புகிறது. மீனைவிடப் படம் பிடிப்பவர்களே அதிகம்!

அருகில் புனித பிரான்சிஸ் ஆலயம். 1503இல் போர்த்துக்கீசியர் மரத்தால் கட்டியது, பின்னர் கல்லாயிற்று. டச்சுக்காரர், ஆங்கிலேயர் கைமாறி இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் உள்ளது. 1524இல் இந்நகரில் மரித்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் அடக்கம்பண்ணினார்கள். பின்பு எலும்புகளைப் போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "அப்படியானால் இது வெறுங்கல்லறையா அப்பா?" என்றாள் என் மகள். சுவர்களைக் காட்டினேன். வடபுறம் போர்த்துக்கீசியர், தென்புறம் டச்சுக்காரர் எனக் கல்லறைக் கற்கள் பதிந்துள்ளன. இவர்களைத் தேடி எவரும் வரவில்லை.

மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூத ஜெபஆலயம் இருக்கிறது. வெள்ளி, சனிக்கிழமைகளில் போனால் ஏமாறுவீர்கள். தரையெங்கும் சீனாவிலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள். 1948இல் இஸ்ரவேல் தேசம் உருவானபின் இவ்வூர் யூதர்கள் குடும்பம் குடும்பமாய்ப் புறப்பட்டுப் போனார்கள். ஆராதனைக்குப் பத்து ஆண்கள் கூடவேண்டும் என்பது அவர்கள் முறைமை. உள்ளூரில் அந்தப் பத்துப்பேர் இல்லாமற்போய் நெடுங்காலமாயிற்று. வாடகை வீட்டு மாடியில் நாலைந்து குடும்பமாய்க் கூடத் தொடங்கிய நமக்கு இது நெஞ்சில் தைக்கும்.

வழிகாட்டி கைக்கடிகாரத்தைக் காட்டினார். நாங்கள் இன்னும் சற்றுநேரம் அங்கேயே நின்றிருந்தோம்.