வந்தவர்களும் வராதவர்களும்



பழைய மாணவர்கள் ஒன்றுகூடிப் பள்ளி நாள்களை நினைவுகூரும் நல்வழக்கம் நம் நகரில் பெருகி வருகிறது. ஒரே வகுப்பில் பயின்றோர் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒருவரையொருவர் தேடிக் கண்டு, தியாகராய நகரிலோ அடையாற்றிலோ ஒரு மண்டபத்தை அமர்த்தி, ஆசிரியர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றனர். நன்றியுணர்வு வற்றிவிடவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும், அத்தகைய கூட்டங்களில் ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை. வராதவர் யார்? அவர் ஏன் வரவில்லை?

குருப்பட்டம் பெற்ற புதிதில், சாந்தோம் பகுதிப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பித்தேன். 2000ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய என் மாணவர்கள் 2025இல் மயிலாப்பூரில் கூடினர். மருத்துவர், வங்கி மேலாளர், இதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்தவர் எனப் பலரும் இருந்தனர். "ஃபாதர், பழையபடி எங்க பேரைக் கூப்பிடுங்க" என்று வேண்டினர். பத்தாம் வகுப்புப் புகைப்படத்தைப் பார்த்து அவர்கள் எழுதிய பட்டியலில் 39 பெயர்கள் இருந்தன. நானோ, அவர்கள் ஒன்பதாம் வகுப்பில் பயின்றபோது வைத்திருந்த மதிப்பெண் குறிப்பேட்டைக் கையோடு கொண்டு சென்றிருந்தேன். அதில் 46 பெயர்கள். அதையே வாசித்தேன்.

வந்திருந்தோர் சிறுவர்களைப்போல எழுந்து நின்று குரல் கொடுத்தனர். வர இயலாதோருக்காக நண்பர்கள் மறுமொழி கூறினர். ஏழு பெயர்களுக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர், ஒரு பெயரைக் குறித்து மெல்லச் சொன்னார்: "அவன் நைன்த்லயே நின்னுட்டான் ஃபாதர். இப்ப நொச்சிக்குப்பம் மார்க்கெட்ல மீன் விக்கிறான். ஞாயித்துக்கிழமை அவன்கிட்டதான் வாங்குறேன்."

வாரந்தோறும் தாம் காணும் தோழரை அழைக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. அதில் தீய எண்ணம் ஏதுமில்லை. புகைப்படத்தில் அவர் இல்லை, அவ்வளவே.

கடலோரக் குப்பங்களின் பிள்ளைகள் பலருக்கு ஒன்பதாம் வகுப்பு ஒரு வழுக்குப்படி. தந்தைக்குப் படகில் துணை தேவைப்படும் வயது அது. பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காட்டை எண்ணிப் பின்தங்கியோரைச் சில பள்ளிகள் நிறுத்திவைக்கும் வகுப்பும் அதுவே. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் பதினான்கு வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரையே பிள்ளைக்குத் துணை நிற்கிறது. அதற்கு மேல் குடும்பமும் ஆசிரியரும் பங்கும்தாம் கைகொடுக்க வேண்டும்.

உயர்ந்தோர் தம் ஆசிரியரைத் தேடிச் செல்வதுண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் தமக்கு இயற்பியல் கற்பித்த இயேசு சபைக் குரு சின்னத்துரை அடிகளாரை, அப்துல் கலாம் நாடறிந்த நிலையை எய்திய பின்னரும் திண்டுக்கல்லில் சந்தித்து மகிழ்ந்தார். வென்றவர் திரும்பி வருவது அழகு. அவருக்கு அது எளிதும்கூட. பாதியில் நின்றவருக்கோ வெட்கம் வாயிலை அடைத்து நிற்கிறது. அவரிடம் நாம்தான் செல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு, மாணவர் மூவருடன் அந்த மீன் அங்காடிக்குச் சென்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "என் பேரு இன்னும் அந்த நோட்டுல இருக்குதா சாமி?" என்றார். குறிப்பேட்டைக் காட்டினேன். அருகில் நின்ற தம் மகளை அழைத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். அவள் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். 'நின்று போனவர்' என்று நாம் எண்ணியவர், தம் பிள்ளையை அந்தப் படியைத் தாண்டி ஏற்றிவிட்டிருந்தார்!

நம் கடற்கரைக்குத் தம் பெயரையே தந்த புனித தோமையாரை எண்ணிப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவர் சீடர்க்குத் தோன்றிய மாலையில், அங்கு இல்லாதவர் அவர் ஒருவரே. 'வராதது அவன் குற்றம்' என்று தோழர்கள் அவரைத் தள்ளிவிடவில்லை. கண்டதை அவரிடம் சொன்னார்கள். எட்டு நாள்களுக்குப் பின் ஆண்டவர் மீண்டும் வந்து, அந்த ஒருவரை நோக்கியே பேசினார். வராதிருந்த அவர்தாம் பின்னர் நம் நாட்டுக்கு நற்செய்தி கொணர்ந்தார் என்பது நம் முன்னோர் போற்றிவரும் மரபு.

ஆகவே, கூடுகைக்கு ஆயத்தம் செய்யும் அன்பர்களே, புகைப்படத்தை மட்டும் பார்த்து அழைப்பு அனுப்பாதீர்கள். இடையில் நின்றவர்களின் பெயர்களை நினைவுகூர்ந்து எழுதுங்கள். அவர்கள் வீட்டுக்கு நேரில் செல்லுங்கள். தலைக்கு இவ்வளவு என்று நீங்கள் திரட்டும் தொகை அவர்களுக்குத் தடையாகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரே, உங்கள் தெருவில் இவ்வாண்டு பள்ளிக்குச் செல்லாமல் நின்றுவிட்ட பிள்ளை யார் என்று கேளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தேடுவதைவிட, இன்றே சென்று அழைப்பது எளிது.