கயிறு மச்சினன் கையில்!

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடித்திருப்பது அவன் மச்சினன்தானாம். அண்ணன், தம்பி என்றால் சொத்துக்காகக் கயிற்றை விட்டாலும் விடுவான். மச்சினன் விடமாட்டான். விட்டால் அக்கா தாலி போய்விடுமே! என்ன கணக்கு பாருங்கள்!

எனக்கும் ஒரு அத்தான் உண்டு. கடல் என்றாலே அவருக்கு ஆகாது. காலேஜ் நாளில் கூட வந்த நண்பனை மெரினா அலை இழுத்துக்கொண்டு போனதை நேரில் பார்த்தவர். அதனால், திருவல்லிக்கேணியில் குடியிருந்தும் அவர் மகன் 14 வயசு வரை கடலில் கணுக்கால்கூட நனைத்ததில்லை.

அந்தப் பையன்தான் இந்த மே மாதம் பாய்மரப் படகு முகாமுக்குப் போவேன் என்று அடம் பிடித்தான். ஒலிம்பிக்ஸில் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நம்ம சென்னை நேத்ரா குமணன்; அவர் படகு ஓட்டக் கற்றதே 2009-ல் சென்னையில் நடந்த கோடை முகாமில்தான். இதைச் சொல்லித்தான் அக்கா அத்தானை மடக்கினாள். ஒரே ஒரு கண்டிஷன்: "மாப்ளே, லீவு போட்டுட்டு நீ கூடவே நில்லு. கண்ணை எடுக்காதே!"

ஆக, கயிறு என் கையில்!

துறைமுகத்துக்குள் அலை அடங்கிய தண்ணீர். படகின் பெயர் 'ஆப்டிமிஸ்ட்'. 1947-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக வடிவமைத்தது. நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. ஒரு பாய், ஒரு சுக்கான், ஒரு பையன். அவ்வளவுதான்.

முதல் பாடமே என் வயிற்றைக் கலக்கியது. "எல்லாரும் படகைக் கவுத்துங்க!" என்றார் கோச்.

லைஃப் ஜாக்கெட்டோடு தொபுக்கடீர்! கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று உடம்பு பாரத்தைப் போட்டால், பாய் மெதுவாகத் தண்ணீரை விட்டு எழும்பும். அப்புறம் உள்ளே ஏறி வாளியால் இறைக்க வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து அத்தான் போன். "என்ன பண்றான்?"

"குளிச்சுக்கிட்டிருக்கான் அத்தான்!"

மூன்றாவது தடவையில்தான் நிமிர்த்தினான். நாலாவது தடவை கோச் சொல்லாமலே கவிழ்த்தான். சிரிப்பு வேறு!

தரை சூடேறியதும் கடற்காற்று கிளம்பியது. காற்றை எதிர்த்துப் பாய்மரப் படகு நேராகப் போகாது. மேனேஜரிடம் லீவு கேட்கப் போகிற மாதிரி இடதும் வலதும் வளைந்து வளைந்துதான் போகணும். அதையும் கற்றுக்கொண்டான்.

மத்தியானம் நீச்சல் குளத்தில் ஸ்கூபா. முத்துக்குளிப்பவன் மூச்சை அடக்குவான். இங்கே அடக்கவே கூடாது என்பதுதான் முதல் சட்டம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும்.

இரண்டாவது சட்டம், தனியாக முங்கக் கூடாது. எப்போதும் ஜோடி. ஒருவனுக்குக் காற்று தீர்ந்தால் கழுத்தை அறுப்பது போலக் கை காட்டணும். உடனே மற்றவன் தன்னிடமுள்ள உபரி வாய்க்குழாயைத் தரணும். நம்ம பையன் கை காட்டினான். காலையில்தான் அறிமுகமான வில்லிவாக்கத்துப் பையன் சட்டென்று நீட்டினான். குளக்கரையில் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. கயிறு என் கையில் இல்லை சார்!

ராத்திரி அத்தான் கேட்டார், "என்னடா கத்துக்கிட்டே?"

பையன் பேசவில்லை. துணி காயப்போடும் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினான். 'போலைன்' என்று பெயராம். எவ்வளவு இழுத்தாலும் வளையம் இறுகாது, நழுவாது. வேலை முடிந்தால் சுலபமாக அவிழ்ந்துவிடும்.

அத்தான் வாங்கிப் பார்த்தார். கட்டினார், அவிழ்த்தார். மறுபடியும் கட்டினார். பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை.

அப்புறம் சொன்னார்: "மாப்ளே, நாளைக்கு நீ ஆபீஸுக்குப் போ. நான் கூட்டிட்டுப் போறேன்."